வைக்கச் சொன்ன பெட்டி

நுகதென்ன தோட்டம்,
தெஹியோவிட்ட.
08.06.2024

அன்புள்ள கலாவுக்கு,

அக்கா எழுதுவது. முதலில் பயப்படாதே. நானும் அத்தானும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம். நீயும் குமாரும் பிள்ளைகளும் அங்கே வத்தளையில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று கும்பிட்டுவிட்டுத்தான் பேனையை எடுத்தேன். என் போன் நனைந்து செத்துப்போயிற்று. நாலு நாள் அரிசிக்குள் புதைத்து வைத்தும் எழும்பவில்லை. எழுத்துப் பிழை இருந்தால் டீச்சரம்மா சிவப்புப் பேனையைத் தூக்க வேண்டாம்.

போன ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே ஆற்றுத் தண்ணீர் குவாட்டர்ஸ் வாசலுக்கு வந்துவிட்டது. அத்தான் தோட்ட ஆபீசுக்கு ஓடிவிட்டார். ஆட்களின் பெயர் போடும் செக்ரோல் புத்தகம் நனையக்கூடாதாம். பெண்டாட்டி நனையலாம். போகிற வழியில் கீழ் லயத்து முத்துவீரனைப் பிடித்து, "வீட்டுக்குப் போயி அம்மாவுக்கு ஒத்தாசை பண்ணு" என்று அனுப்பியிருக்கிறார். முத்துவீரனை உனக்கு ஞாபகம் இருக்கும். ரப்பர் பால் வெட்டுகிறவர், வலது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பார். அவரும் நானுமாகச் சாமான்களை மேட்டிலுள்ள பன்சலையில் புத்தர் கோயில் மண்டபத்துக்குத் தூக்கினோம். அங்கேயே நாலு நாள் இருந்தோம். பிக்கு ஹாமதுரு நல்ல மனிதர், சோறும் பருப்பும் குறையில்லை. கீழ் லயத்துத் தொழிலாளர் வீடுகளுக்குள்ளும் தண்ணீர் போயிற்றாம். அவர்களுக்கென்ன, தூக்கிக்கொண்டு ஓட நம்மைப்போல் அதிகம் இல்லையே.

கலா, ஒன்று சொல்ல வேண்டும். நீ என்னிடம் வைத்துவிட்டுப் போன தகரப் பெட்டி போய்விட்டது. நான் முத்துவீரனிடம் முதலில் அதைத்தான் தூக்கச் சொன்னேன். தூக்கித் தோளில் வைத்தவர், என்ன நினைத்தாரோ, மேசைமேல் வைத்துவிட்டு வேறு எதையோ எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவசரத்தில் நானும் கவனிக்காமல் மேட்டுக்கு ஏறிவிட்டேன். அவர் திரும்பி வருவதற்குள் தண்ணீர் வழியிலுள்ள பாலத்துக்கு மேலால் வந்துவிட்டது. பின்பக்கச் சுவர் விழுந்து மேசையோடு அடித்துக்கொண்டு போயிற்று. எனக்கு மனம் ஆறவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

குமாருக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன் அக்கா,
ஜீவராணி


வத்தளை.
14.06.2024

அன்பான அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கண்ட பிறகுதான் உயிர் வந்தது. நாங்கள் எல்லாரும் சுகம். சின்னவனுக்கு மட்டும் சளி. உங்களுக்கு மூட்டு வலி எப்படி இருக்கிறது? ஈரத்தில் நின்றிருப்பீர்களே.

பெட்டி போனால் போகட்டும் அக்கா. ஏழு வருடமாக நான் திறந்துகூடப் பார்க்காத பழைய தகரம். அதற்காக நீங்கள் அழுதுகொண்டிருப்பீர்கள் என்று நினைக்கத்தான் கஷ்டமாக இருக்கிறது. குமார் சொல்கிறார், "அக்கா பொழச்சதே போதும், அந்தப் பெட்டிக்குள்ள நான் எழுதின காதல் கடிதமெல்லாம் இருந்துச்சு, ஆறு என் மானத்தக் காப்பாத்திருச்சு" என்று. சிரித்துச் சிரித்து எனக்கும் மனம் லேசாயிற்று.

குவாட்டர்சைக் காய வைத்து முடிக்கும்வரை இங்கே வந்து இருங்களேன். அத்தானுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

உங்கள் தங்கச்சி,
விஜயகலா


வத்தளை.
29.06.2024

அன்பான அக்காவுக்கு,

சுகமா? உங்கள் பதிலுக்குக் காத்திருக்காமல் மறுபடியும் எழுதுகிறேன். நாங்கள் சுகம் என்று எழுத வேண்டும். எழுதிவிட்டேன். ஆனால் நான் சுகமாக இல்லை.

போன கடிதத்தில் பழைய தகரம் என்று பெரிய மனுஷி மாதிரி எழுதினேன். தபாலில் போட்ட அன்றே ஞாபகம் வந்துவிட்டது. அந்தப் பெட்டியின் அடியில், கூறைச் சேலைக்குக் கீழே, மூத்தவளுடைய கிளினிக் காட் இருந்தது அக்கா. பதினொரு மாதம்தான் இருந்தாள். மாதா மாதம் நிறுத்து நிறுத்துப் புள்ளி வைத்திருந்த காட். கடைசிப் புள்ளி கீழே இறங்கியிருக்கும். அதோடு நீங்கள் பின்னிய மஞ்சள் தொப்பியும் இருந்தது. அவள் பேரில் இந்த உலகத்தில் இருந்த காகிதங்களில் அது ஒன்று. அவள் படம் ஒன்றுகூட நாங்கள் எடுத்து வைக்கவில்லை. நாளைக்கு எடுக்கலாம், நாளைக்கு எடுக்கலாம் என்றே இருந்துவிட்டோம்.

இப்போது வகுப்பில் நின்று பாடம் நடத்தும்போதும் அந்தக் காட்தான் கண்ணுக்குள் நிற்கிறது. ஆற்றோரத்துச் சேற்றில் எங்காவது ஒதுங்கியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தயவுசெய்து பார்க்கச் சொல்லுங்கள்.

அந்த முத்துவீரனுக்கு ஒரு பெட்டியைத் தூக்கி மேட்டில் வைக்கத் தெரியாதா? தோளில் ஏற்றியதை எதற்காகத் திருப்பி இறக்கினார்? அவர் வீட்டுப் பெட்டியாக இருந்தால் அப்படிப் போட்டுவிட்டுப் போவாரா? காக்கைக்குத் தன் குஞ்சுதான் பொன் குஞ்சு. அடுத்தவன் பொருள் என்றால் எல்லாருக்கும் ஒரு இளப்பம். எனக்கு அந்த ஆளை நினைத்தாலே எரிகிறது.

விஜயகலா


நுகதென்ன தோட்டம்.
10.07.2024

அன்புள்ள கலாவுக்கு,

உன் இரண்டு கடிதமும் வந்தன. இரண்டாவதை நான் வாசித்துவிட்டு மடித்து வைத்தேன், பிறகு எடுத்தேன், பிறகு மறுபடி மடித்து வைத்தேன். நீயும் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டும். எனக்கு மூட்டு வலி அப்படியேதான். மழை விட்டாலும் அது விடாது.

ஆற்றோரம் முழுக்கப் பார்த்தாயிற்று. நானே போய்ப் பார்த்தேன். ஒருவருடைய செருப்பு, ஒரு பிளாஸ்டிக் கதிரை, யாரோ வீட்டு ஆட்டுக் கயிறு, இவைதான் கிடந்தன. பெட்டி இல்லை.

முத்துவீரனை ஏச வேண்டாம் கலா. வயதான மனிதர். அந்த நேரத்தில் எல்லாருக்கும் மூளை குழம்பித்தான் இருந்தது. நடந்தது நடந்துபோயிற்று, ஒருவரைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? அத்தானிடமும் இதைப் பற்றிப் பேசாதே. அவருடைய கோபம் உனக்குத் தெரியும்.

சுவரைக் கட்டுவதற்குத் தோட்டத்திலிருந்து ஆள் வந்திருக்கிறார்கள். சிமெந்துத் தூசியில் இருமிக்கொண்டு எழுதுகிறேன். இவ்வளவுதான்.

அக்கா


வத்தளை.
22.07.2024

அன்பான அக்காவுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அத்தான் உங்களுக்குப் புதுப் போன் வாங்கித் தந்ததாகச் சொன்னார். நான் நாலு தரம் எடுத்தேன். மணி அடிக்கிறது, பிறகு வெட்டுப்படுகிறது. சிக்னல் இல்லையா?

அத்தானிடம் பேசாதே என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் கடிதம் கிடைப்பதற்கு முதல் நாளே பேசிவிட்டேன். மனதில் வைத்திருக்க முடியவில்லை. அத்தான் ஒன்றும் தெரியாதவர்போல், "பெட்டியா? எனக்கு ஒருத்தரும் சொல்லல்லையே" என்றார். மறுநாள் அவரே எனக்குப் போன் எடுத்தார். பிரட்டுக்களத்தில், வேலைக்குப் பெயர் கூப்பிடும்போது, எல்லார் முன்னாலும் முத்துவீரனை நிறுத்தி, "நம்பி அனுப்பினா பொம்பளப் புள்ள பெட்டிய ஆத்துல விட்டுட்டு வாற ஆளு நீ" என்று ஏசினாராம். கால் வலிக்கிறதென்று அவருக்குக் கொடுத்திருந்த ஆற்றோர ரப்பர் மலையை மாற்றி, ஏற்றமான மேட்டு மலைக்குப் போட்டிருக்கிறாராம். எனக்கு மன்னிப்புக் கடிதம் எழுதவும் சொல்லியிருக்கிறாராம்.

உண்மையைச் சொல்கிறேன், கேட்டபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருந்தது. அவரும் கொஞ்சம் அனுபவிக்கட்டும் என்று தோன்றியது.

போனை எடுங்கள் அக்கா.

விஜயகலா


நுகதென்ன தோட்டம்,
கீழ் லயம்.
02.08.2024

கௌரவமுள்ள விஜயகலா அம்மா அவர்களுக்கு,

கீழ் லயம் முத்துவீரன் வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் ஐயாவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க ஆண்டவன் துணை. நாங்களும் இங்கு சுகம்.

கிளாக்கர் ஐயா எழுதச் சொன்னார். எழுத வேண்டும் என்று எனக்கும் இருந்தது. உங்கள் பெட்டி என் கையில் இருந்துதான் போனது. பூட்டுப் போட்டிருந்தது, கனமாகவும் இருந்தது. முக்கியமான சாமான் என்று நினைத்துத்தான் முதலில் அதைத் தோளில் ஏற்றினேன். பிறகு அம்மா சொன்னபடி அதை மேசைமேல் வைத்துவிட்டு, கோப்பைகளைப் பன்சலைக்குக் கொண்டுபோய் வைத்தேன். உடைந்துவிடும் என்று மெதுவாகப் போனேன். அதில் நேரம் போய்விட்டது. திரும்பி ஓடி வந்தபோது பாலத்துக்கு மேலால் தண்ணீர் போனது. வாலிபத்தில் என்றால் நீந்திப் போயிருப்பேன். இப்போது கால் பிடிக்கவில்லை. கரையில் நின்று பார்த்தேன்.

அது என்னுடைய தப்பு. உங்களுடைய பிள்ளையின் சாமானும் அதில் இருந்தது என்று ஐயா சொன்னார். எனக்குத் தெரியாது அம்மா. தெரிந்திருந்தால் எப்படியும் கொண்டு வந்திருப்பேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மு. முத்துவீரன்


வத்தளை.
09.08.2024

அக்காவுக்கு,

உங்கள் சுகத்துக்கு வேண்டிக்கொள்கிறேன்.

முத்துவீரன் எழுதியிருக்கிறார். பழி முழுவதையும் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டுதான் எழுதியிருக்கிறார். ஆனால் நடுவில் ஒரு வரி இருக்கிறது. "அம்மா சொன்னபடி அதை மேசைமேல் வைத்துவிட்டு, கோப்பைகளைப் பன்சலைக்குக் கொண்டுபோய் வைத்தேன்."

எந்தக் கோப்பைகள் அக்கா?

விஜயகலா


வத்தளை.
20.09.2024

அக்காவுக்கு,

ஆறு கிழமையாகிவிட்டது. கடிதமும் இல்லை, போனும் இல்லை. அத்தானைக் கேட்டால், "அவவுக்கு ஒரு வருத்தமும் இல்ல, நல்லாத்தான் இருக்கா, ஆனா வாயத் தொறக்கிறா இல்ல" என்கிறார்.

நான் சண்டை பிடிக்கக் கேட்கவில்லை. என்ன நடந்தது என்று உங்கள் வாயால் தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். எதை வேண்டுமானாலும் எழுதுங்கள். எழுதாமல் இருப்பதை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை.

கலா


நுகதென்ன தோட்டம்.
01.10.2024

அன்புள்ள கலாவுக்கு,

நீ சுகமா, பிள்ளைகள் சுகமா என்று கேட்பதற்கே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. கேட்கிறேன். சுகமாக இரு.

போன் நன்றாகத்தான் இருக்கிறது. சிக்னலும் இருக்கிறது. வெட்டியது நான்தான். போனில் என்றால் நீ "அக்கா" என்று சொன்னவுடன் எல்லாம் வெளியே வந்துவிடும். காகிதத்தில் ஒளிந்துகொள்ளலாம் என்று நினைத்தேன். இந்தக் கடிதத்தை நான் இதுவரை ஐந்து தரம் எழுதி அடுப்பில் போட்டேன்.

முத்துவீரன் உன் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு வாசற்படி வரைக்கும் போய்விட்டார். நான் அப்போது கண்ணாடி அலுமாரிக்கு முன்னால் நின்றேன். என் கலியாணத்துக்குத் தோட்டத்துத் தொரைசாணி கொடுத்த கோப்பை செட் உனக்குத் தெரியும். தங்கக் கோடு போட்டது. அதில் நான் ஒரு நாளும் ஒருவருக்கும் தேத்தண்ணி கொடுத்ததில்லை. ஒரு கோப்பைக்குக் காது உடைந்து பசை போட்டு ஒட்டியிருக்கிறது. தண்ணீர் அலுமாரியின் கீழ்த்தட்டைத் தொட்டது. நான் கூப்பிட்டேன். சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன்: "அத வையி முத்துவீரா, அது தங்கச்சியோடது, பொறகு பாத்துக்கலாம். மொதல்ல இந்தக் கோப்பைகளத் தூக்கு."

அவர் உடனே இறக்கவில்லை. "அம்மா, பூட்டுப் போட்ட பெட்டியா இருக்கே, கோப்பைதானே" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "சொன்னதச் செய்யி" என்றேன். என்னைவிட வயதில் மூத்தவர். வைத்துவிட்டார். நான் கோப்பைகளைச் சேலையில் சுற்றிப் பிளாஸ்டிக் தொட்டியில் அடுக்கித் தலையில் ஏற்றிவிட்டு, "ஒண்ணும் ஒடையாம போ, பைய போ" என்றும் சொன்னேன். அவர் திரும்பி வர நேரம் எடுத்தது அதனால்தான்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று நாலு மாதமாக என்னையே கேட்கிறேன். உன்மேல் எனக்குப் பாசம் இல்லையா? மூத்தவளைக் குளிப்பாட்டி வளர்த்தது நான்தானே. அவளுடைய சாமான் அதில் இருந்ததை மறந்தேபோனேன் என்று எழுதலாம். அதுகூட முழு உண்மை இல்லை. பெட்டியைப் பார்த்தபோது, 'இது கலாவுடையது' என்று எனக்குத் தெரிந்தது. கோப்பையைப் பார்த்தபோது, 'ஐயோ என் கோப்பை' என்று இருந்தது. அவ்வளவுதான் கலா, வேறு ஒன்றும் இல்லை. அந்தக் கோப்பைகள் உன் வீட்டிலிருந்து என்னிடம் வைக்கத் தந்தவையாக இருந்தால், பசை போட்டு ஒட்டிய பழசு என்று நான் திரும்பியும் பார்த்திருக்க மாட்டேன். என்னுடைய அலுமாரியில் இருந்ததால்தான் அவை பெரிதாகத் தெரிந்தன.

முதல் கடிதத்தில் ஏன் பொய் எழுதினேன் என்றால், எழுதிக்கொண்டு போகும்போது அந்த இடம் வந்தது, கை தானாகவே அவர் பெயரைப் போட்டது. அவர் வந்து இல்லை என்று சொல்லமாட்டார் என்று எனக்குத் தெரியும். பிறகு அத்தான் பிரட்டில் ஏசிவிட்டு வந்து பெருமையாகச் சொன்னபோது நான் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. பருப்பு ஊற்றினேன். முத்துவீரன் இப்போது விடியற்காலையில் மேட்டு மலைக்கு ஏறுவதை நான் அடுப்படியில் நின்று குசினி ஜன்னலால் பார்க்கிறேன். ஒவ்வொரு நாளும் பார்க்கிறேன். பால் வாளியைக் கீழே வைத்து வைத்து ஏறுகிறார்.

அத்தானுக்கு இன்னும் தெரியாது.

நீ எனக்குப் பதில் எழுதாவிட்டாலும் அது நியாயம்தான்.

ஜீவராணி


வத்தளை.
19.10.2024

அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். உங்கள் மூட்டு வலிக்குக் குமார் எண்ணெய் வாங்கி வைத்திருக்கிறார். யாராவது வந்தால் கொடுத்துவிடுகிறேன்.

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு மூன்று நாள் நான் உங்களோடு மனதுக்குள் சண்டை பிடித்தேன். மன்னித்தேன் என்று எழுத இன்னும் கை வரவில்லை. பொய் எழுதமாட்டேன். ஒருநாள் வரும், அவசரப்படுத்தாதீர்கள்.

ஆனால் நாலாம் நாள் எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. நீங்கள் மூன்று தரம், "வந்து பெட்டிய எடுத்துக்கிட்டுப் போ கலா, தகரம் கறல் பிடிக்கிது" என்று சொன்னீர்கள். வீட்டில் இடமில்லை என்றேன். அதே மாதத்தில்தான் இரண்டு கதவு ஃபிரிட்ஜ் வாங்கினேன். அதற்குக் கட்டிலை நகர்த்தி இடம் பண்ணினேன். பிள்ளையின் காட் இருந்த பெட்டிக்குப் பண்ணவில்லை. போன பிறகுதான் அது என்னுடையது என்று கத்துகிறேன். அதனால் உங்களை ஏச முழு வாய் எனக்கும் இல்லை.

இதெல்லாம் நம் இரண்டு பேருக்குள். முத்துவீரன் விஷயம் அப்படி இல்லை அக்கா. அவர் கால் வலியோடு மலை ஏறுகிறார் என்று கேட்டு நான் ஆறுதல்பட்டேன் என்று எழுதினேனே, அதை நினைக்கும்போது உடம்பு கூசுகிறது. அவரை ஏசியது பிரட்டுக்களத்தில். உண்மையையும் அங்கேதான் சொல்ல வேண்டும். அத்தான் விடமாட்டார். தெரியும். இருந்தாலும் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் நம் வீட்டில் கோப்பை சுமந்துகொண்டிருந்த நேரத்தில் கீழ் லயத்திலும் தண்ணீர் என்று நீங்களே எழுதியிருந்தீர்கள். அவருடைய வீட்டில் என்ன போயிற்று? எனக்குத் தெரியாது. இத்தனை கடிதத்தில் நான் ஒரு தரமும் கேட்கவில்லை. நீங்களும் எழுதவில்லை. உங்களுக்குத் தெரியுமா?

கலா


நுகதென்ன தோட்டம்.
10.11.2024

அன்புள்ள கலாவுக்கு,

நீங்கள் எல்லாரும் தீபாவளியை நல்லபடியாகக் கொண்டாடியிருப்பீர்கள். எண்ணெய் கிடைத்தது, குமாருக்கு நன்றி. இரண்டு நாளாகத் தடவுகிறேன்.

நீ கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லாததால்தான் இவ்வளவு நாள். எனக்குத் தெரியாது. யாரையாவது கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதலாம் என்று பார்த்தேன். பிறகு அதுவும் ஒளிவதுதான் என்று விட்டுவிட்டேன்.

தீபாவளி முடிந்த கிழமை அத்தானிடம் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. "நடந்தது நம்மளோட இருக்கட்டும். அவனுக்கு நான் ஆத்தோர மலையத் திருப்பிக் குடுத்திர்றேன். நீ பிரட்டுக்கு வந்து நின்னா, நாளைக்கு என் பேச்ச ஒருத்தன் மதிப்பானா?" என்றார். அவர் சொல்வதும் நியாயம்போல் இருந்தது. மலை கிடைத்தால் போதாதா என்று நானும் ஒரு இரவு முழுக்க என்னையே சமாதானப்படுத்திப் பார்த்தேன். விடியும்போது அவருக்கு முன்னால் எழும்பிப் போய்விட்டேன். இல்லாவிட்டால் போயிருக்கமாட்டேன்.

இருபத்தாறு வருடத்தில் நான் பிரட்டுக்களத்தில் நின்றதே இல்லை. நூறு பேர் இருப்பார்கள். கிளாக்கரம்மா வந்து நிற்கிறாளே என்று எல்லாரும் பார்த்தார்கள். நான் ஒரு பேச்சு யோசித்து வைத்திருந்தேன். வாயைத் திறந்ததும் மறந்துவிட்டது. "தங்கச்சி பெட்டிய வைக்கச் சொன்னது நான். அவர் தூக்கிட்டாரு. என் கோப்பைக்காக நான்தான் வைக்கச் சொன்னேன். அவர் மேல பொய் சொன்னதும் நான்தான்" என்று மட்டும் சொன்னேன். பின்னால் ஒரு பெண் சிரித்தாள். அத்தான் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல் அடுத்த பெயரைக் கூப்பிட்டார். முத்துவீரன் பெயர் வந்தபோது, "ஆத்தோர மலை" என்றார். அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. சாப்பாட்டை மட்டும் சாப்பிடுகிறார்.

நான் அங்கிருந்து நேரே கீழ் லயத்துக்கு நடந்தேன். முத்துவீரன் வாளி எடுக்க வீட்டுக்கு வந்திருந்தார். அவருடைய பெண்சாதி தங்கம்மா என்னைக் கண்டு பயந்துபோனாள். உட்காரச் சொல்லக் கதிரை இல்லை. பக்கத்து வீட்டில் போய் ஒன்று வாங்கி வந்தாள். நான் தயங்கித் தயங்கி, "அன்னைக்கு இந்த வீட்டுல என்ன போச்சு?" என்று கேட்டேன். தங்கம்மா புருஷனைப் பார்த்தாள். அவர் நிலத்தைப் பார்த்தார்.

"கேட்டா என்னத்தச் சொல்றது அம்மா" என்று தொடங்கினாள். பிறகு ஒவ்வொன்றாக வந்தது. ஆடு இரண்டு, பின்பக்கத்தில் கட்டியிருந்தது. ஒன்று சினை. மகனும் மருமகளும் கொழும்பில் வேலை, பேரப்பிள்ளை இவள் இடுப்பில். "புள்ளய எங்க வச்சிட்டு ஆட்ட அவுக்கிறது? இவுக இருந்தா ஒரு நிமிசம். கத்திக் கத்தித்தான் போச்சுங்க ரெண்டும்." அரிசி மூட்டை. மெத்தை. கதிரை இரண்டு. மகனுடைய பிறப்புச் சான்றிதழ் இருந்த தகர டப்பா. அவர்களுடைய கலியாணப் படம். அது ஒன்றுதான் எடுத்தார்களாம். கிராம சேவகர் ஜீ.எஸ். மஹத்தயா சேதக் கணக்கு எழுத வந்தபோது ஆட்டுக்குப் பத்திரம் கேட்டாராம். ஆட்டுக்கு எங்கே போய்ப் பத்திரம் எடுப்பது என்று சொல்லி அவள் சிரித்தாள். எனக்குச் சிரிக்க வரவில்லை. ஆற்றோரம் போய் உன் பெட்டியைத் தேடிய அன்று அங்கே கிடந்த ஆட்டுக் கயிற்றை நான் காலால் ஒதுக்கிவிட்டு நடந்தேன் கலா.

"என்னால வந்தது. மன்னிச்சுக்கங்க" என்றேன். 'நீ' என்று சொல்லிப் பழகிய நாக்கு. முதல் தரம் 'ங்க' என்று வந்தது.

முத்துவீரன் அப்போதுதான் வாய் திறந்தார். பெண்சாதியைத்தான் அதட்டினார். "விடு புள்ள, அதெல்லாம் எதுக்கு இப்ப. நம்ம சாமான் போனா நம்மளோட போச்சு." பிறகு என் பக்கம் திரும்பி, "அம்மா, தங்கச்சியம்மாட பெட்டிய மட்டுந்தான் எனக்கு மறக்க முடியல்ல. அடுத்தவுங்க பொருள் இல்லையா. தோள்ல ஏத்தினத நான் எறக்கியிருக்கக் கூடாது" என்றார்.

நான் பிரட்டில் அத்தனை பேர் முன்னால் சொல்லி அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. அவர் அங்கேதான் நின்றார். கேட்டார். ஆனாலும் தான் இறக்கியதாகத்தான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார். நான் மறுபடியும் சொன்னேன், நான்தான் வைக்கச் சொன்னேன் என்று. அவர் தலையை ஆட்டிவிட்டு, "அது சரிங்கம்மா, ஆனா எறக்கின கை என்னுது" என்று சொல்லி வாளியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

நான் அந்தக் கதிரையிலேயே இருந்தேன். எழும்பினால் தங்கம்மா அதைப் பக்கத்து வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்; பிறகு அவள் வீட்டில் உட்கார ஒன்றும் இருக்காது.

பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல்லு.

அக்கா,
ஜீவராணி